செப்டம்பரில் நடலாமா, டேடி?

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் அஸ்பாராகஸ் விதையை அரைவேக்காட்டு முட்டையில் தூவிச் சாப்பிட்டுவிட்டேன்.

தப்பு என்னுடையதுதான். நேற்று மகள் ஷார்லின் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து, பத்திரமாக இருக்கட்டும் என்று காலி மிளகு போத்தலில் கொட்டி வைத்தவன் நான். இன்று பூசைக்குப் போகிற அவசரத்தில் அதே போத்தலிலிருந்து எடுத்து, நசுக்கி, முட்டைமேல் போட்டவனும் நான். கறுப்பாக உருண்டையாக, மிளகுக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. காரம் மட்டும் இல்லை. "ஆலிஸ், மிளகு செத்துப்போச்சு, புதுசு வாங்கு" என்று பெண்டாட்டியிடம் அதிகாரம் வேறு செய்தேன்.

ஷார்லின் போத்தலைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "டேடி, என் தோட்டத்தையே சாப்புட்டுட்டீங்க லா!"

மீதி விதை ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. வயிறு ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. இவளுக்கு வயது இருபத்தொன்பது. ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளிகளைப் பிழைக்க வைக்கிறாள், வீட்டில் ஒரு மணிபிளான்டைப் பிழைக்க வைத்ததில்லை. இவளுக்கு எதற்குத் திடீரென்று அஸ்பாராகஸ், வெள்ளைக்காரன் வெட்டித் தின்கிற அந்தத் தண்டு? "என் தோட்டம்" என்றாளே, எந்தத் தோட்டம்?

பிப்ரவரி 18

பொட்டலத்தைப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன் என்றாலும் இந்த அளவு ஆங்கிலம் வரும். வசந்தத்தின் ஆரம்பத்தில் நட வேண்டுமாம். முதல் இரண்டு வருடம் ஒரு தண்டைக்கூட வெட்டக்கூடாதாம், வேர் தடிக்க வேண்டுமாம். மூன்றாம் வருடம்தான் வாய்க்கு வருமாம்.

பினாங்கில் வசந்தத்துக்கு நான் எங்கே போவேன்? எங்கள் ஜெலுத்தோங்கில் இருக்கிற பருவங்கள்: மழை, மழை வரப்போகிற புழுக்கம், மழை வராமல் ஏமாற்றிய புழுக்கம்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுகுமாரனிடம் கேட்டேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், வெண்டைக்காய் மன்னர். யோசிக்கவே இல்லை. "தீபாவளி கழியட்டும்ணே. மழை வுட்டுரும். அப்ப நட்டா வேரு அழுவாது."

அவர் அத்தனை சீக்கிரம் சொன்னதால்தான் சந்தேகமாக இருக்கிறது. போன வருடம் அவர் கொடுத்த வெண்டை விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. தன் வேலிக்குப் பக்கத்தில் இன்னொரு தோட்டக்காரன் தலையெடுப்பதை எந்த மன்னர் விரும்புவார்?

பிப்ரவரி 20

கண்டுபிடித்துவிட்டேன்! சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் ஊரில் ஈஸ்டர் என்றால் பனி போய் எல்லாம் துளிர்க்கிற காலம். அப்படியென்றால் ஈஸ்டர்தான் வசந்தம். இங்கேயும் அப்போதுதான் வெயில் கொஞ்சம் இறங்கி மாலை மழை தொடங்கும். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று விதைப்பது, ஈஸ்டருக்கு நாற்றைப் பிடுங்கி நடுவது.

ஆலிஸிடம் சொன்னேன். "தவக்காலத்துல மனசத் திருத்தச் சொன்னா நீங்க நாத்து வுடுறீங்க" என்றாள்.

பிப்ரவரி 27

காடி ஓட்டிக்கொண்டு ஷார்லினை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டேன். சிக்னலில் நிற்கும்போது, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டேடி, செப்டம்பர்ல நடலாமா?"

"செப்டம்பர்லயா? அந்த மழைக்கு நம்ம பின்சந்துல படகு வுடலாம், செடி நட முடியாது. யாரு சொன்னா செப்டம்பர்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா. எங்கள் வீட்டில் இந்த வார்த்தைக்கு நான் பயப்படுவேன். மகன் டேரில் சிங்கப்பூரில் வேலைக்குப் போவதற்கு முன்னால், "டேடி, பாஸ்போர்ட் புதுப்பிக்க எத்தனை நாளாகும்? சும்மாதான் கேட்டேன்" என்றான். போய் ஆறு வருடம்.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல், கையில் மண். முட்டைத் தட்டுக் குழிகளில் விதைத்தாயிற்று.

கை கழுவ சமையல்கட்டுக்குப் போனேன். தாயும் மகளும் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர்கள் டக்கென்று நிறுத்தி, மீன் விலையைப் பற்றி ஆரம்பித்தார்கள். ஷார்லினுக்கு மீன் விலையில் எப்போதிலிருந்து அக்கறை? அவளுக்குக் கெம்போங் மீன் எது கெராப்பு மீன் எது என்றே தெரியாது.

மார்ச் 15

இன்று செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமைதோறும் கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் "வகுப்பு" என்று போகிறாள். என்ன வகுப்பு என்று கேட்டதற்கு, "இங்கிலீஷ் வகுப்பு" என்றாள். கின்டர்கார்டனில் இருந்து இங்கிலீஷில் சண்டை போடுகிற பெண் இங்கிலீஷ் கற்கப் போகிறாளாம்! ஒரு பையன் இருக்கிறான், சந்தேகமே இல்லை. அதுவும் கேமரன் மலையில் காய்கறி போடுகிறவன். இல்லாவிட்டால் அஸ்பாராகஸ் எங்கிருந்து வரும்?

ஆகவே பின்தொடர்ந்தேன். அவள் ஃபெரியில் பட்டர்வொர்த் போகிறாள் என்று தெரியும். மோட்டார் சைக்கிளைக் கீழ்த்தளத்தில் விட்டுவிட்டு மேல்தளத்துக்கு ஏறி, அடையாளம் தெரியாமலிருக்க ஹெல்மெட்டைக் கழற்றாமல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தத் தளத்தில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த ஒரே மனிதன் நான்தான் என்பது பாதிக் கடலில்தான் உறைத்தது.

நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டேடி, அந்த ஹெல்மெட்ல மாதா ஸ்டிக்கர் ஒட்டுனதே நான்தான்."

"காத்து வாங்கலாம்னு வந்தேம்மா."

"ஹெல்மெட்டுக்குள்ளயா?"

பட்டர்வொர்த்தில் இறங்கி அவளே எனக்கு ஒரு கிளாஸ் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தாள். பையன் யாரையும் காணோம். கையில் தடித்த இங்கிலீஷ் பயிற்சிப் புத்தகம். உண்மையிலேயே வகுப்புதான்போல. அது இன்னும் மோசம், தெரிந்த இங்கிலீஷையே படிக்கிறாள். ஏன்?

மார்ச் 26

முளைத்துவிட்டது. பச்சை முடி மாதிரி ஒவ்வொன்றாக. தும்மினால் விழுந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பூசை முடிந்து, கோழிக்கறி முடிந்து, மீன் பாசாரில் கேட்டு வாங்கிய வெள்ளை மீன் பெட்டிகளில் நாற்றுகளை நட்டேன். சுகுமாரன் வேலிமேல் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சிறுசா இருக்கேண்ணே. இன்னும் கொஞ்ச நாளு வுட்டுருக்கலாம்."

"ஈஸ்டர்ல நடணும் சுகு."

"செடிக்கு அது தெரியுமா?"

குனிந்து அடுத்த நாற்றை எடுத்தேன். ஷார்லின் மட்டும் பக்கத்தில் குந்தி, எல்லாவற்றையும் கைபேசியில் வீடியோ எடுத்தாள். எவ்வளவு ஆழம், எவ்வளவு இடைவெளி, மண்ணை எப்படி மூடுவது. ஒரே கேள்விமேல் கேள்வி. "ஞாபகம் வச்சுக்குங்க டேடி, மூணாவது வருஷந்தான் வெட்டணும். அவசரப்படாதீங்க" என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

என் மகளோடு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசியது எப்போது என்று யோசித்துப் பார்க்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதனால்தான் நம்ப முடியவில்லை.

மே 14

தெரிந்துவிட்டது.

பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலை ஸ்டோரில் என்னோடு வேலை செய்கிற அஸ்ஹர், சாப்பாட்டு நேரத்தில் படம் காட்டினான். போன வருடம் மாமியார் வீட்டாரோடு நியூசிலாந்து போய் வந்தானாம். ஆடு, மலை, ஆடு, பூத்துக் கொட்டும் மரங்கள், மறுபடி ஆடு.

"எந்த மாசம் போன?" என்றேன். சும்மாதான் கேட்டேன்.

"செப்டம்பர், அங்கிள். அங்கே அப்போதான் ஸ்பிரிங். எல்லாமே தலைகீழ்." அவன் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அப்ப ஈஸ்டருக்கு?"

"ஏப்ரல்லயா? அப்போ இலையெல்லாம் கொட்டிக் குளிர் ஆரம்பிச்சுடும்."

சோற்றை மூடி வைத்துவிட்டேன். அவன் மைத்துனியும் நர்ஸாம், அங்கே போக இங்கிலீஷ் பரீட்சை எழுதினாளாம். எவ்வளவு நன்றாகப் பேசினாலும் எழுதித்தான் ஆகவேண்டுமாம். நான் கேட்காமலே சொன்னான். சாயங்காலம் வரை ஒரே அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர். இங்கிலீஷ் வகுப்பு. என் தோட்டம்.

நான் ஒரு மடையன். ஹெல்மெட் போட்டுக்கிட்டுக் கேமரன் மலைக்காரன தேடுனேன் பாரு! கண்ணு முன்னாலயே மாசத்தச் சொல்லிட்டா, நான் மழையப் பத்தி விளக்கம் குடுக்குறேன். ஏன் என்கிட்ட சொல்லல? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

மே 15

ஆலிஸைச் சோதித்துப் பார்த்தேன். குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள்.

"நியூசிலாந்து ஆட்டுக்கறி நல்லாருக்குமாம்."

கரண்டி நின்றது. பிறகு எதிர்த்திசையில் சுற்றியது. "ஏன், சாப்புடணுமா?" என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முப்பத்திரண்டு வருடக் குடித்தனம். கரண்டியை வைத்தே படித்துவிடலாம்.

ஜூன் 8

ஒரு வாரமாக மீன் பெட்டி மண்ணை யாரோ கிளறுகிறார்கள். இன்று பூசையிலிருந்து கொஞ்சம் முன்னதாக வந்து, பின்கதவு இடுக்கில் ஒளிந்து நின்றேன். சுகுமாரன் ஒரு வாளியோடு என் பக்கம் வந்தார். கையும் களவுமாகப் பிடித்தேன்.

"என்னா சுகு இது?"

மனிதர் அசரவில்லை. வாளியைக் காட்டினார். ஆற்று மணல்.

"உங்க மண்ணு களியா இருக்குண்ணே. தண்ணி நிக்குது. சொன்னா நான் கெடுக்கப் பாக்குறேன்னு நெனைப்பீங்க. அதான் கேக்காம கலந்து வுட்டேன்."

வாளிக்குள் கையை விட்டு மணலை அள்ளிப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார். "பாப்பா போயிட்டா நீங்க ஒத்த ஆளாத்தானே இதெல்லாம் பாக்கணும்?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அடப்பாவி, இவருக்குமா தெரியும்! வேலிக்கு அந்தப் பக்கம் தெரிஞ்சது இந்தப் பக்கம் தெரியல. எனக்கு மட்டும் விதையக் குடுத்து ஓரமா உக்கார வச்சுட்டாங்க. சின்னப் பிள்ளைக்கு ஊசி போடும்போது கையில பொம்மை குடுப்பாங்களே, அந்த மாதிரி.

சாயங்காலம் ஆலிஸிடம் நேராகவே கேட்டேன். அவள் மறுக்கவில்லை. "அவளே சொல்லட்டும். நீங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. டேரில் போனப்ப ஒரு மாசம் சாப்பாட்டு மேசைல வாயத் தொறக்கல நீங்க. அவ அதுக்குத்தான் பயப்படுறா."

நானா? ஒரு மாதமா?

ஒரு மாதம் இருக்காது. இருந்திருக்கலாம்.

ஜூன் 9

பேசாமல் இருந்தால் பயப்படுவாள் என்பதால் இன்று மேசையில் அதிகமாகப் பேசினேன். மணலைப் பற்றி, வேரைப் பற்றி, வடிகாலைப் பற்றி. ஷார்லின் ஆலிஸைப் பார்த்தாள். இப்போது அவளுக்கு என்மேல் சந்தேகம்.

ஜூலை 26

புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருவிழா. மெழுகுவர்த்தி வாங்கக் கூட்டத்தில் நீந்தி, ஏற்றி வைத்துவிட்டுத் திரும்பும்போது வழக்கம்போல் ஜாம். காடி நகரவில்லை. ஆலிஸ் பின்னால் தூங்கிவிட்டாள். தூங்குகிற மாதிரி இருந்தாள்.

ஷார்லின் சொன்னாள். நியூசிலாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை. எல்லாம் முடிவாகிவிட்டது. ஆகஸ்டில் போகிறாள்.

நான் இரண்டு மாதமாகத் தயார் செய்து வைத்திருந்த ஆச்சரியத்தை முகத்தில் போட்டேன். "அப்படியா! நியூசிலாந்தா!" என்றேன். ரொம்ப அதிகமாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

"டேடி, உங்களுக்குத் தெரியும். சுகு அங்கிள் சொல்லிட்டாரு."

"நீ சொல்லுவேன்னுதான் இருந்தேன்."

"கோவமா?"

"எதுக்கு அந்த விதை? என்னை வேலையா வச்சிருக்கவா?"

முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்தபடியே சொன்னாள். "அண்ணன் போன் பண்ணா என்னா பேசுறீங்க? 'சாப்புட்டியா?' 'சாப்புட்டேன்.' 'சரி, மம்மிகிட்ட குடுக்குறேன்.' அவ்ளோதான். ஆறு வருஷமா அவ்ளோதான் டேடி. எனக்கும் அப்படி ஆயிடக்கூடாது. அங்க நான் தங்கப்போற வீட்டுக்குப் பின்னால இடம் இருக்கு. நீங்களும் நடுங்க, நானும் நடுறேன். பேசறதுக்கு ஏதாச்சும் இருக்கும்ல?"

"ஜாம் வுடுது பாரு" என்றேன். விடவில்லை. ஒரு சக்கரம்கூட நகரவில்லை.

"ரெண்டே வருஷந்தான் டேடி. காண்டிராக்ட் அவ்ளோதான். முடிஞ்சதும் வந்துடுவேன்."

இங்கே எழுதி வைக்கிறேன்: ரெண்டு வருஷம்.

ஆகஸ்ட் 23

ஏர்போர்ட். டேரில் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான். எல்லாரும் அழுதார்கள். நான் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்தேன். அது நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 31

முதல் போன். என் செடிகளைக் காட்டினேன், பெருஞ்சீரகச் செடி மாதிரி இடுப்பளவு வளர்ந்து நிற்கிறதை. "வெட்டலையே?" என்றாள். இல்லை என்றேன். இங்கே குளிர் இல்லாததால் சீக்கிரமே வெட்டலாம் என்று சுகுமாரன் யாரிடமோ கேட்டு வந்து சொல்கிறார். மன்னர் சொல்வதை இப்போதெல்லாம் பாதி நம்புகிறேன். ஆனாலும் வெட்டமாட்டேன். அவளுக்கு முன்னால் நான் தின்றால் நன்றாக இருக்காது. ஒரு தடவை தின்றது போதும்.

சாப்பிட்டாயா என்று கேட்க மறந்துவிட்டேன். ஆலிஸ் கேட்டுக்கொண்டாள்.

செப்டம்பர் 14

மூன்று நாளாக விடாத மழை. பின்சந்தில் தண்ணீர். நானும் சுகுமாரனும் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பெட்டிகளைச் செங்கல்மேல் ஏற்றினோம். இரண்டு பெட்டிகளில் வேர் அழுகிவிட்டது. மணல் கலந்ததெல்லாம் தப்பித்தது.

"தீபாவளி கழிச்சுன்னு சொன்னேன்ல?" என்றார். மூன்று தடவை சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

அழுகியதை ஷார்லினிடம் சொல்லவில்லை. கேமராவை நல்ல பெட்டிகள் பக்கம் மட்டும் திருப்பினேன். அவளும் எனக்கு நல்ல பெட்டிகளை மட்டும்தான் காட்டுகிறாளோ? "எல்லாம் ஓகே டேடி" என்கிறாள். மூக்கு சிவந்திருக்கிறது. குளிராம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூசைக்குப் பிறகு அழைத்தாள். அங்கே மத்தியானம் தாண்டிவிட்டது. கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் நின்றாள். நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறாள். என் மகள், மண்வெட்டியோடு! பக்கத்து மரம் முழுக்க வெள்ளைப் பூ. அஸ்ஹர் காட்டிய படம் மாதிரியே.

விதை இல்லை, வேர்க்கட்டையாகவே வாங்கியிருக்கிறாள். சிலந்தி மாதிரி கால் பரப்பிக்கொண்டு ஒரு வாளியில் கிடந்தது. அதைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு, கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கினாள்.

"டேடி, இப்ப நட்டுடலாமா? இல்ல, அடுத்த செப்டம்பர் பாத்துக்கலாமா? எது நல்லது?"

முகத்தைப் பார்த்தேன். இதுவரை 'சும்மா' என்றுதான் கேட்பாள். இது சும்மா கேட்ட கேள்வி இல்லை. அடுத்த வருடம் என்று நான் சொன்னால் கேட்டிருப்பாள். வேர்க்கட்டையை யாருக்காவது கொடுத்துவிட்டு, வாய்க்காலை மூடியிருப்பாள். மண் இன்னும் குளிராக இருக்கிறது, வேர் உறங்கட்டும், இது சரியான நேரம் இல்லை என்று ஏதாவது ஒரு காரணம் என்னால் சொல்ல முடியும். இந்த ஒரு விஷயத்தில் என் பேச்சை அவள் நம்புகிறாள்.

சாம்பல் புதனன்று விதைத்த மடையனிடம் போய்ப் பருவம் கேட்கிறாள்.

விரலை மேசைக்கடியில் வைத்துக் கணக்குப் பார்த்தேன். காண்டிராக்ட் முடிவது ரெண்டு வருஷம் கழித்து ஆகஸ்டில். மூன்றாவது வசந்தம் வருவது அதற்கு அடுத்த மாதம்.

"இப்பவே நடும்மா" என்றேன். "இதான் சரியான நேரம். பூ பூத்திருக்குல்ல? பக்கத்துல மணல் இருந்தா கொஞ்சம் கலந்துக்க, தண்ணி நிக்கக்கூடாது. வேரை விரிச்சு வை. மேல மண்ணை அழுத்தாத, அதுவா எழும்பி வரட்டும்."

குனிந்து ஒவ்வொன்றாக வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆலிஸ் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"மொத ரெண்டு வருஷம் தொடவே கூடாது, தெரியும்ல?"

"தெரியும் டேடி. மூணாவது வருஷம் வெட்டி, மொதல்ல உங்களுக்குத்தான் படம் அனுப்புவேன்."

சொன்ன பிறகு அவள் கை ஒரு நொடி மண்ணிலேயே நின்றது. பிறகு அடுத்த வேர்க்கட்டையை எடுத்தாள்.

"அந்தக் கடைசிப் பக்கம் மண்ணு கொறைவா இருக்கு பாரு" என்றேன்.

வெயில், குளிர், கறிக்கு என்ன விலை, பக்கத்து வீட்டுப் பூனை மண்ணைத் தோண்டுகிறது, எல்லாம் பேசினோம். ஆலிஸுக்கு முறை வரவே இல்லை. ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை: ரெண்டு வருஷத்துல திரும்பி வர்றவ, மூணாவது வருஷம் வெட்டுறத எதுக்கும்மா நடுற?